எட்டு மாசம் போட்டுப் பாத்த ஹெல்மெட்: மண்டைக்கா, மண்டைக்குள்ள இருக்கதுக்கா?

மொதல்லயே சொல்லிருதேன், இது நீளமா போவும். ஸ்டார் மட்டும் பாத்துட்டு ஓடுதவங்களுக்கு: அஞ்சுக்கு நாலு. ஒண்ணு எதுக்கு கொறச்சேன்னு கீழ வருது, அதுலயும் பாதி சித்திரை வெயிலோட குத்தம், ஹெல்மெட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல.

நான் மெடிக்கல் ரெப். பதிமூணு வருஷமா இதே சோலி. பாளையங்கோட்டைல வீடு, காலைல எட்டரைக்கு வண்டிய எடுத்தா ஒரு நாள் சேரன்மகாதேவி, அம்பை, மறுநாள் நாங்குநேரி, வள்ளியூர், வாரத்துல ஒரு தடவ தென்காசின்னு எப்படியும் நூறு கிலோமீட்டர் ஓடிரும். பொண்டாட்டி புள்ளைய விட ஹெல்மெட்டு கூடத்தான் நான் அதிக நேரம் இருக்கேன்னு வீட்டுல ஒரு பேச்சு உண்டு. அதனால இத எட்டு மாசம், கிட்டத்தட்ட இருபதாயிரம் கிலோமீட்டர் போட்டுட்டுதான் எழுதுதேன், வாங்குன அன்னைக்கே டப்பாவ பிரிச்சு போட்டோ போட்டு சூப்பர்னு எழுதுத ரிவ்யூ இல்ல.

முன்ன வச்சிருந்தது ரோட்டோரத்துல தார்ப்பாய விரிச்சு வித்தது, 400 ரூவா. ஐ.எஸ்.ஐ முத்திரை உண்டு, நகத்தால சொரண்டுனா முத்திரை கையோட வந்துரும். வித்தவன குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கு தெரிஞ்சேதான் வாங்குனேன், தலைக்குன்னு வாங்கல, வண்ணாரப்பேட்டை முக்குல நிக்க போலீஸ்காரருக்குன்னு வாங்குனேன். அதுல தாடை வார் கிளிப்பு ஒடஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. மாட்டாமலே ஓட்டிட்டு திரிஞ்சேன்.

போன பங்குனில முன்னீர்பள்ளம் தாண்டி போயிட்டு இருக்கேன், ரோட்டுல உளுந்துச் செடிய பரப்பி போட்ருந்தாங்க. நம்ம பக்கம் தெரியும்லா, வண்டி ஏறி ஏறி மணி உதுரும்னு போடுவாங்க. காஞ்ச செடி மேல முன் டயரு ஏறுனதுதான் தெரியும், வண்டி தனியா நான் தனியா. வேகம் நாப்பது நாப்பத்தஞ்சுதான் இருக்கும். எடது தோள்பட்டை மொதல்ல தரைல பட்டுச்சு, பொறவு தலை சாய்வா தார்ல ஒரசிட்டே போச்சு, வார் மாட்டாததால ஹெல்மெட்டு தலைக்கு மேல ஒரு சுத்து சுத்திருச்சு. எந்திச்சு பாத்தா ஒண்ணுமே தெரியல, ஏன்னா கண்ணாடி இருக்க ஓட்டை என் காதுக்கு நேரா இருக்கு. வயக்காட்டுல நின்ன ஒரு பெரியவரு ஓடி வந்து "எய்யா எந்திக்காத, பைய இரி, பைய இரி"ன்னு தண்ணி குடுத்தாரு. நான் என்ன பண்ணேன், கோட்டிக்காரன் மாதிரி வளைஞ்ச ஹேண்டில நிமித்திட்டு அதே வண்டில வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி ஒரு தடவ வாந்தி வந்ததும் வீட்டம்மா பிடிச்ச பிடில ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா. சி.டி. ஸ்கேன் நார்மல். மண்டையோடு உடையல, ரத்தம் கட்டல. சரி தப்பிச்சோம்னு நெனச்சா அடுத்த மூணு வாரம் இருக்கே, சவம், அத நெனச்சாலே இப்பவும் தலைய வலிக்கு. டியூப் லைட்ட பாக்க முடியல, மிக்ஸி சத்தம் கேட்டா எரிச்சல், எல்லாத்துக்கும் மேல ஒரு டாக்டர் ரூம்ல போயி நின்னுட்டு நம்ம சொந்த கம்பெனி மருந்து பேரு மறந்து போச்சு. ஒரு ரெப்புக்கு இத விட கேவலம் உண்டா?

பொறவுதான் ஒரு நியூரோ டாக்டர்ட்ட போனேன். ஆறு வருஷமா பேக்க தூக்கிட்டு அவரு வாசல்ல நின்னவன், அன்னைக்கு டோக்கன் போட்டு நோயாளியா உக்காந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொன்னது இது: "எத்தன தடவ எங்கிட்ட வந்து இந்த மருந்து பேரியர தாண்டும் அது தாண்டாதுன்னு ஒப்பிச்சிருப்பீரு வே, இப்ப உம்ம பேரியருக்கே அடி பட்டிருக்கும் போலுக்கு."

பேரியர்னா பிளட் பிரெயின் பேரியர். தமிழ்ல ரத்த மூளைத் தடுப்புன்னு எழுதுதாவ. எங்க சோலில தினமும் பொழங்குத வார்த்தைதான். சளிக்கு குளோர்பெனிரமின் போட்டா தூக்கம் சொக்கும், செட்ரிசின் போட்டா அவ்வளவு சொக்காது, ஏன்னா மொதல்ல சொன்னது அந்த தடுப்ப தாண்டி மூளைக்குள்ள போயிரும், ரெண்டாவது அவ்வளவா போவாது. பார்க்கின்சன் நோய்க்கு மூளைல டோபமின்ங்கற ரசாயனம் பத்தலைன்னு டோபமினையே நேரா குடுக்க முடியாது, தாண்டாது, அதனால தாண்டிப்போற லீவோடோபாவ குடுத்து உள்ள போன பொறவு டோபமினா மாற விடுதாங்க. இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அந்த தடுப்பு எங்கன இருக்கு, எதால ஆனது, எது பட்டா கிழியும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல, ஏதோ மூளைய சுத்தி உறை போட்ட மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தேன்.

உறையெல்லாம் இல்ல. மூளைக்குள்ள போற ரத்தக் குழாயோட சுவருதான் தடுப்பு. மத்த ஒடம்புல இருக்க மெல்லிசான ரத்தக் குழாய்கள்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல கொஞ்சம் எடைவெளி இருக்கும், தண்ணி உப்பு எல்லாம் அது வழியா போகும் வரும். மூளைல அப்படி இல்ல, ஒரு செல்ல அடுத்த செல்லோட சேத்து தச்ச மாதிரி இறுக்கமான தையல் இருக்கு, அதுக்கு வெளிய பெரிசைட்னு ஒரு செல்லு கட்டிப் பிடிச்சிருக்கு, அதுக்கும் வெளிய ஆஸ்ட்ரோசைட்ங்கற மூளை செல்லோட பாதம் மூடிருக்கு. பால் எர்லிக்னு ஒரு ஜெர்மன் டாக்டரு 1885 வாக்குல மிருகங்களோட ரத்தத்துல சாயத்த ஏத்திப் பாத்தப்ப எல்லா உறுப்பும் நெறம் மாறிச்சாம், மூளை மட்டும் வெள்ளையாவே நின்னுச்சாம், அவரே அதுக்கு வேற காரணம் சொல்லிட்டு போயிட்டாரு. அந்த சின்னக் குழாய் ஒண்ணோட அகலம் முடி கனத்துல பத்துல ஒரு பங்குதான், ஆனா ஒரு மனுசன் மூளைல இருக்க மொத்தத்தையும் நீட்டி வச்சா 600 கிலோமீட்டர் சொச்சம் வரும்னு கணக்கு போட்டிருக்காவ. நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி பூரா ஓடி மெட்ராஸ் சேருதுல்லா, அவ்வளவு தூரம். அவ்வளவு தூரத்துக்கும் சுவரு ஒரே ஒரு செல்லு கனம்.

இப்ப அடி விசயத்துக்கு வாரேன். அடின்னா நசுக்குததுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். டாக்டரு கேட்டாரு, "நுங்கு திங்கீரா?" பங்குனி சித்திரைல பாளையங்கோட்டைல நுங்கு திங்காத ஆளு உண்டா. சீவுன காய கைல வச்சு எப்படி திங்கோம், பெருவிரல உள்ள விட்டு ஒரு சுழட்டு சுழட்டுவோம், நுங்கு கழண்டு வந்துரும். அதே நுங்க நேரா அமுக்கிப் பாரும், லேசுல ஒண்ணும் ஆவாது, உள்ள இருக்க தண்ணி தாங்கும். ஆனா பக்கவாட்டுல ஒரு இழுப்பு இழுத்தா தோலு பிஞ்சு தண்ணி ஒழுகிரும். மூளையும் இந்த ஜாதிதான். நாலா பக்கமும் சமமா அமுக்குனா தாங்கும், முறுக்குனா தாங்காது. இத 1943லயே ஆக்ஸ்போர்டுல ஹோல்போர்ன்னு ஒரு இயற்பியல்காரரு ஜெலட்டின்ல மூளை மாதிரி செஞ்சு வச்சு பாத்து சொல்லிட்டாரு, தலை நேரா போயி நிக்கதை விட சட்டுன்னு சுழலுததுதான் மூளைய உள்ளுக்குள்ள அதிகமா இழுத்து கோணப்படுத்துதுன்னு. மண்டையோடு சுத்திருச்சு, உள்ள இருக்க மூளை ஒரு கணம் பிந்தி சுத்துது, அந்த நேரத்துல நடுவுல ஓடுத குழாயெல்லாம் இழுபடுது. நரம்பு இழைக்கும் அதே கதிதான். குழாயோட தையல் விட்டா ரத்தத்துல இருக்க புரதம், அல்புமின், ஃபைப்ரினோஜென் எல்லாம் மூளைக்குள்ள கசியும், அது பின்னாலயே தண்ணியும் போவும். இந்த அளவு கசிவு சாதா சி.டி.ல தெரியணும்னு கட்டாயம் இல்ல. எனக்கு நார்மல்னு வந்ததும் அதனாலதான் இருக்கும்னாரு.

2023 டிசம்பர்ல கரை ஒடஞ்ச குளங்கள பாத்தவங்களுக்கு அடுத்தது லேசா புரியும். வயலுக்கு போற தண்ணி மடை வழியா அளவா போகுத வரைக்கும்தான் வெவசாயம், கரையே போச்சுன்னா அதே தண்ணி வெள்ளம். வயலுக்காவது தண்ணி வடியுததுக்கு எடம் உண்டு. மண்டையோட்டுக்கு வாசல் கெடையாது. உள்ள தண்ணி ஏற ஏற அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறுனா நல்லா இருக்க குழாயும் நசுங்கும், ரத்தம் கொறையும், அதனால இன்னும் வீங்கும். பெரிய அடில ஆளு மொதல்ல பேசிட்டு இருந்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு மயங்குததுக்கு இந்த வீக்கமும் ஒரு காரணம். எலிகள்ல பாத்த ஆராய்ச்சி ஒண்ணையும் சொன்னாரு, அடிபட்ட சில மணி நேரத்துல தடுப்பு ஒரு தடவ தொறக்குது, மூணு நாள் வாக்குல ரெண்டாவது தடவயும் தொறக்குது. அதனால விழுந்த அன்னைக்கு நல்லாருக்கேன்னு மறுநாளே வண்டிய எடுக்கப்பிடாது, ஆறாத சுவரு மேல இன்னொரு அடி விழுந்தா சின்ன அடியும் பெரிய அடிதான். எங்க மேனேஜரு அந்த வாரம் டார்கெட் டார்கெட்னு போன் போட்டதும் நான் எடுக்காததும் தனிக்கதை. அப்புறம், தூக்கம் தூக்கமா வந்து எழுப்ப முடியாம போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, ஒரு கண்ணு பாப்பா இன்னொண்ண விட பெருசா தெரிஞ்சாலோ யார்ட்டயும் கேக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒண்ணு சொல்லணும், விசை எல்லாமே அந்த சுவருக்கு எதிரி இல்ல. இது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. ரத்தம் ஓடும்போது சுவர உரசிட்டே போகுதுல்லா, அந்த உரசல செல்லு உணருது, உணர்ந்து தையல இறுக்குது. லேப்ல இந்த செல்ல தேங்குன தண்ணில வளத்தா தையல் தொளதொளன்னு இருக்காம், குழாய்ல வச்சு மேல ஓட்டம் குடுத்தா இறுகுதாம். ஓட்டம் நின்னாலும் கெடுதி, அளவுக்கு மீறுனாலும் கெடுதி. பிரஷரும் அப்படித்தான். நம்ம பிரஷரு ஏறி எறங்குனாலும் மூளை தன் குழாய சுருக்கி விரிச்சு ஒரே அளவு ரத்தத்த வாங்கிக்கிடும், சராசரி அழுத்தம் (பிரஷர் பாக்கும்போது சொல்லுத மேல் நம்பர் இல்ல, மேல் கீழ் ரெண்டுக்கும் நடுவுல வாரது) ஒரு 150க்கு மேல போச்சுன்னா அந்த சாமர்த்தியம் தோத்து தடுப்பு வலுக்கட்டாயமா தொறந்துரும். எங்க மாமனாரு பிரஷர் மாத்திரைய பனங்கற்கண்டு மாதிரி தோணுனா போடுதவரு, இத சொன்ன அன்னைல இருந்து ஒழுங்கா போடுதாரு, இந்த விபத்துல கெடச்ச ஒரே லாபம் அதுதான்.

இன்னொரு கூத்து, இதே சுவர வேணும்னே விசை குடுத்து தொறக்கவும் செய்யுதாவ. மூளைக் கட்டிக்கு மருந்து குடுத்தா தடுப்பு உள்ள விடாதுல்லா, அதுக்காக ரத்த சிவப்பணு அளவுல இருக்க பொடிக் குமிழிய ரத்தத்துல ஏத்தி, வெளிய இருந்து அல்ட்ராசவுண்ட ஒரே எடத்துல குவிச்சு அடிச்சா, அந்த எடத்துல குமிழி மட்டும் விரிஞ்சு சுருங்கி சுவர தட்டித் தட்டி தையல கொஞ்ச நேரம் தளத்துது. 2001ல முயல்ல செஞ்சு காட்டுனாங்க, 2015ல டொரண்டோல ஒரு நோயாளிக்கு செஞ்சாங்க. சில மணி நேரத்துல தானா மூடிரும். ஆக அளவா தட்டுனா மருந்துக்கு வாசல், அளவில்லாம முறுக்குனா வெள்ளம்.

சரி, ஹெல்மெட்டு.

மூணு வாரம் கழிச்சு வண்ணாரப்பேட்டைல ஒரு கடைக்கு போனேன். போகும்போதே முடிவு பண்ணிட்டு போனது எல் சைஸு, கருப்பு, 2,000 ரூவாக்குள்ள. கடைக்கார அண்ணாச்சி விலை கேக்கல, கலர் கேக்கல, தையக்காரரு மாதிரி ஒரு டேப்ப எடுத்து புருவத்துக்கு மேல சுத்தி அளந்தாரு. 57. "எம் சைஸ் போதும் தம்பி." போட்டுப் பாத்தா கன்னம் ரெண்டும் பிதுங்கி எனக்கே என்ன பாக்க சகிக்கல. எல் குடுங்கன்னேன். எடுத்துக் குடுத்தாரு. போட்ட பொறவு ரெண்டு கையாலயும் ஹெல்மெட்ட பிடிச்சுக்கிட்டு "இப்ப தலைய திருப்பும்"னாரு. தலை உள்ள தாராளமா திரும்புது, ஹெல்மெட்டு அப்படியே நிக்குது. "பாத்தீரா, இது ஹெல்மெட்டு இல்ல, சட்டி. தலைல கவுத்த சட்டி." எம்ம போட்டு திருப்புனா கன்னத்துத் தோலும் சேந்து இழுபடுது. அப்படி இழுபட்டாத்தான் சரியான சைஸாம். பத்து நாள்ல பஞ்சு அமுங்கி பழகிரும்னாரு, உண்மைதான், பன்னெண்டாவது நாளு போட்டிருக்கதே மறந்து டாக்டர் ரூமுக்குள்ள ஹெல்மெட்டோட போயிட்டேன்.

சாய்வா விழுந்து சுத்துன கதைய சொன்னதும் அவரு உள்ள இருந்து எடுத்துட்டு வந்ததுதான் இந்த ஹெல்மெட்டு, 5,400 ரூவா. என் பழைய ஹெல்மெட்டு கணக்குக்கு பதிமூணு வாங்கிருக்கலாம். ஐ.எஸ்.ஐ முத்திரையோட ஈ.சி.ஈ 22.06னு ஐரோப்பா முத்திரையும் இருக்கு, இந்த 22.06ல சாய்வான தளத்துல மோத விட்டு தலை எவ்வளவு சுழலுதுன்னும் அளக்காங்க, முன்ன இருந்த 22.05ல அந்த சோதனை கெடையாது. எனக்கு வேண்டியது அதுதானே.

உள்ள பாத்தா மஞ்சக் கலர்ல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஏடு, கூடைய கவுத்த மாதிரி, நாலஞ்சு எடத்துல ரப்பர் முனைல தொங்குது. மிப்ஸ்னு பேரு. ஸ்டாக்ஹோம்ல ஒரு மூளை அறுவை டாக்டரும் எஞ்சினியருமா 1990கள்ல ஆரம்பிச்ச சோலி. கைய உள்ள விட்டு சுழட்டுனா அந்த ஏடு மட்டும் பத்து பதினஞ்சு மில்லிமீட்டர் வழுக்குது. ஓடு தரைல பட்டு சுத்தும்போது தலை அதே வேகத்துல சுத்தாம கொஞ்சம் வழுக்கிக் குடுக்கணும்னு யோசனை. நுங்குல விரல சுழட்டும்போது விரல்ல வெண்ணெய் தடவுன மாதிரி. இதுல எனக்கு முழு நம்பிக்கைனு சொல்ல மாட்டேன், தலைமுடியும் தோலும் உள் பஞ்சுமே ஓரளவு வழுக்கத்தான் செய்யும், ஏடு வச்சதால கூடுதலா எவ்வளவு லாபம்னு ஆராய்ச்சிக்காரங்களே ஒத்துப்போகல. கன்கஷன், அதான் அடில மூளை குலுங்கி எனக்கு வந்த மாதிரி ஆவுதது, வராதுன்னு எந்த கம்பெனியும் எழுதித் தரப் போறதில்ல, தந்தா நம்பாதீங்க. ஆனா மூணு வாரம் டியூப் லைட்ட பாக்க முடியாம கெடந்தவன்ட்ட போயி அந்த ஏட்டுக்கு ஆயிரம் ரூவா கூடன்னா அவன் யோசிக்கவே மாட்டான், நானும் யோசிக்கல.

இந்த ஏட்ட விட முக்கியமானது அதுக்கு பொறத்தால இருக்க தெர்மோகோல். வீட்டுக்கு வந்து பழைய ஹெல்மெட்ட ஆக்சா பிளேடு போட்டு ரெண்டா அறுத்தேன், வீட்டம்மா வாசல்ல நின்னு தலைல அடிச்சுக்கிட்டா. அறுக்க ரெண்டு நிமிசம் ஆகல. ஓடு தண்ணி டப்பா பிளாஸ்டிக் கனம், உள்ள டி.வி. பெட்டில வருமே அந்த தெர்மோகோல், அதுவும் நெத்திப் பக்கம் மட்டும், மணி மணியா உதுந்து முத்தமெல்லாம் பறக்குது, காது பக்கம் வெறும் பஞ்சு. புதுசுல பஞ்ச கழத்திப் பாத்தா தெர்மோகோலு நகம் வச்சு அமுக்குனாலும் தடம் லேசாத்தான் விழுது, நெத்தி, பின்மண்டை, பக்கவாட்டு எல்லாத்துலயும் ரெண்டு விரக்கடைக்கு கொறையாம இருக்கு. அது நசுங்குததுக்குன்னே வச்சது. தலை ஒரே அடியா நிக்காம அது நசுங்குத நேரத்துக்குள்ள நிக்கும், அந்த மில்லி செகண்டுதான் துட்டுக்கு கெடைக்க பொருளு. நசுங்குனா நிமிராது, அதனால ஒரு நல்ல அடி வாங்குன ஹெல்மெட்டு வெளிய பளபளன்னு இருந்தாலும் தூரப் போட வேண்டியதுதான். பெட்ரோல் தொட்டு தொடைக்காதீங்க, தெர்மோகோல அரிச்சுரும். வண்டி கண்ணாடில மாட்டுத பழக்கம் எனக்கு பதிமூணு வருஷமா உண்டு, உள்ள குழி விழும்னு அண்ணாச்சி ஒரு சத்தம் போட்டாரு, விட்டுட்டேன். நடுவுல அம்பைல சீட்டு மேல இருந்து ஒரு தடவ உருண்டு விழுந்துச்சு, பதறிப்போயி கடைக்கு தூக்கிட்டு ஓடுனா அவரு பஞ்செல்லாம் கழத்தி விரலால ஒவ்வொரு எடமா தடவிப் பாத்துட்டு, உள்ள தலை இல்லாம விழுந்தா அவ்வளவு அமுங்காது, தெர்மோகோல்ல கீறல் இல்ல, போட்டுக்கிடும்னாரு. அஞ்சு பைசா வாங்கல.

ஹெல்மெட்டுங்கற யோசனையே ஒரு மூளை அறுவை டாக்டர்ட்ட இருந்துதான் இப்படி பரவுச்சு. அரேபியால சண்டைக்கு போன லாரன்ஸ் 1935ல மோட்டார் பைக்குல விழுந்து ஆறு நாள் கெடந்து செத்துப்போனாரு, அவரு தலைல ஹெல்மெட்டு இல்ல, பாத்த டாக்டர்கள்ல ஒருத்தரு ஹியூ கெய்ர்ன்ஸ். அத மறக்க முடியாம தபால் கொண்டு போற பட்டாளத்து பைக்குக்காரங்க அடிபட்ட கணக்கெல்லாம் எடுத்து 1941ல எழுதுனாரு, பொறவு பட்டாளத்துல கட்டாயமாக்குனாங்க. நம்மூர்ல ஆயிரம் ரூவா ஃபைன்ன சொன்னாத்தான் போடுதோம், நானும்தான்.

இப்ப கொற. எடை. மளிகைக் கடைல வெங்காயம் நிறுக்க தராசுல வச்சேன், 1 கிலோ 540 கிராம். மொத வாரம் கழுத்து பின்னால உளைச்சல் எடுத்துச்சு. வெயிலு: சித்திரைல வள்ளியூர் ரோட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு இத போட்டு ஓட்டிப் பாருங்க, மேல ரெண்டு காத்து ஓட்டை இருக்குன்னு அட்டைல படம் போட்ருக்கான், அது வழியா வாரது காத்து இல்ல, அனலு. உள் பஞ்ச வாரம் ஒரு தடவ கழத்தி சோப்புத் தண்ணில அலசி நிழல்ல காயப் போட்டாத்தான் பக்கத்துல ஆளு நிக்க முடியும், நான் தேங்காண்ணெ தேய்க்க ஆளு வேற. ஐப்பசி மழைல முகக் கண்ணாடி உள்ள மூச்சு படிஞ்சு மங்கிரும், விரக்கடை தொறந்து வச்சு ஓட்டணும், அப்ப மழத்தண்ணி மூஞ்சில. கண்ணாடி கீறல் விழுந்து மாத்துக் கண்ணாடி கேட்டா ரெண்டு மாசம் ஆச்சு வர, அதுக்கு கம்பெனிதான் பொறுப்பு, அண்ணாச்சி என்ன செய்வாரு. பின்னால வார பஸ் ஆரனு கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கு, ஆனா நம்ம ஊரு பஸ் ஆரன் கம்மியா கேட்டாலே போதுமானதுதான். தாடை வார் ரெட்டை வளையம், ஒவ்வொரு தடவயும் நுழைச்சு இழுத்து கட்டணும், ஒரு நாளைக்கு இருவது கடைல எறங்கி ஏறுதவனுக்கு எரிச்சலு. மொத மாசம் திட்டிக்கிட்டே கட்டுனேன். இப்ப கை தானா கட்டுது. ஒரு வருஷம் வார் தொங்க விட்டு திரிஞ்சவன் நான், மஞ்ச ஏடோ ஐரோப்பா முத்திரையோ வார் கட்டாத ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல, அது தலைக்கு மேல பம்பரம் விடுத சட்டிதான்.

துட்டு பத்தாதவங்க 5,400க்கு போவணும்னு நான் சொல்லல. அதே கடைல 1,500 ரூவாக்குள்ள ஏடு இல்லாத ஐ.எஸ்.ஐ ஹெல்மெட்டு இருக்கு, காது பக்கம் வரைக்கும் நல்ல தெர்மோகோல், அண்ணாச்சி அதையே பஞ்ச கழத்தி காட்டுதாரு. தலைக்கு சரியான சைஸுல அத எடுத்து வார் கட்டுனா, தொளதொளன்னு இருக்க ஒசந்த ஹெல்மெட்ட விட எவ்வளவோ தேவல. சைஸ் அளக்காம எடுத்துத் தார கடைல மட்டும் வாங்காதீங்க.

எனக்கு இப்ப தலைவலி இல்ல, மருந்து பேரெல்லாம் ஞாபகம் இருக்கு, அந்த டாக்டரு ரூமுக்கு திரும்ப பேக்கோட போக ஆரம்பிச்சுட்டேன். பேரியர தாண்டும்னு ஆரம்பிச்சதும் சிரிச்சுட்டு "உமக்கு மூடிருச்சா வே"ன்னு கேக்காரு.

வீட்டம்மாவுக்கு 54 சைஸு போன மாசம் எடுத்தாச்சு, கொண்டை போட்டா ஏற மாட்டேங்குன்னு பின்னல் போட்டுக்கிடுதா. பாப்பாவுக்கு ஆறு வயசு, நாலு வயசு தாண்டுனாலே போடணும்னு சட்டம் இருக்கு, ஆனா சின்ன சைஸ் நம்மூர்ல லேசுல கெடைக்கல, கெடைச்சதெல்லாம் பொம்மைப் படம் போட்ட வெறும் பிளாஸ்டிக்கு. நேத்து அண்ணாச்சி போன் பண்ணாரு, குட்டி சைஸ் நாலு வந்திருக்காம், மஞ்ச ஏடு கெடையாது, தெர்மோகோல் நல்லாருக்காம், ஒண்ணு ரோஸ் கலராம். சனிக்கெழம கூட்டிட்டு வாரும், ரெட்டச்சடை மட்டும் போடாம கூட்டிட்டு வாரும், அளவு தப்பிரும்னு சொல்லிருக்காரு.